மூலைத் தூணின் சங்கடம்

எந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் அதன் மூலைக்குப் போகிறவன் நான். சிங்கப்பூரில் 31 ஆண்டுகள் கட்டட வரைவாளராக வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். சுவரின் நடுவில் எல்லாமே ஒழுங்காகத்தான் வரும். தரையில் ஓடு பதிப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அறையின் நடுவில் அவருக்கு ஒரு கவலையும் இருக்காது. மூலைக்கு வந்ததும்தான் அளவுநாடாவை எடுப்பார், தலையைச் சொறிவார், ஓட்டை வெட்டுவார்.

டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்ற மூன்று பெயர்களைப் பள்ளிப் பாடத்தில் கேள்விப்பட்டவர்கள் இருப்பீர்கள். கிரேக்கர்களும் ரோமானியர்களும் கட்டிய தூண்களின் மூன்று முறைகள். தலை மொட்டையாக இருந்தால் டோரிக், சுருள் இருந்தால் அயோனிக், இலை இருந்தால் கொரிந்தியன். அடையாளம் காண இது போதும். ஆனால் மூன்று எதற்கு, ஒன்றே போதாதா என்று கேட்டால், விடையில் பாதி மூலையில் இருக்கிறது என்பது என் கட்சி. ஓய்வுபெற்ற பிறகு மனைவியுடன் ஏதென்ஸுக்கும் ரோமுக்கும் போய் வந்ததில் அந்தக் கட்சி இன்னும் வலுத்துவிட்டது.

இவை நமக்கு அந்நியமான தூண்கள் அல்ல. பாடாங் திடலுக்கு எதிரே, இப்போது தேசியக் கலைக்கூடமாக இருக்கும் பழைய நகர மண்டபத்தின் முகப்பில் வரிசையாக நிற்கும் 18 தூண்களும் கொரிந்தியன். பக்கத்தில் இருக்கும் பழைய உச்ச நீதிமன்றத்தின் முகப்பிலும் கொரிந்தியன்தான். ஆற்று முகத்துவாரத்தில் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலின் தூண்கள் டோரிக். பினாங்கில் 1818ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் முன்வாசலும் டோரிக். தினமும் பேருந்தில் கடந்து போகிறோம். அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மரத்தில் பிறந்த கல்

முறை என்று சொல்லும்போது தூணை மட்டும் எண்ணிக்கொள்ளக்கூடாது. அடிப்படி, தூண், தூண்தலை, அதன் மேல் கிடக்கும் உத்தரம், அதற்கும் மேலே கூரை விளிம்பு வரைக்கும் எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம் அது. தூணின் அடித்தடிமன்தான் அளவுகோல். உயரம் அதைப் போல் இத்தனை மடங்கு, இடைவெளி இத்தனை மடங்கு என்று மற்றவை அதிலிருந்து பிறக்கும். பாட்டுக்காரர் சுருதியைப் பிடித்துக்கொண்ட பிறகு மற்ற ஸ்வரங்கள் அதன்படி நிற்பது போல.

கிரேக்கக் கோயில்கள் முதலில் மரத்தால் கட்டப்பட்டவை. இதற்கு ஒரு நல்ல சாட்சி ஒலிம்பியாவில் இருக்கிறது. அங்கே கி.மு. 600 வாக்கில் கட்டிய ஹீரா தேவியின் கோயிலைச் சுற்றி 40 தூண்கள். முதலில் மரத்தூண்களாக இருந்தவை, பழுதாகப் பழுதாக ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாறின. யார் எப்போது மாற்றினார்களோ அவர்கள் காலத்து மோஸ்தர்படி செய்ததால், தூண்களின் தலைகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றி எழுதி வைத்த பௌசானியஸ் என்ற பயணி வந்தபோதுகூட, பின்பக்க அறையில் ஒரே ஒரு கருவாலி மரத்தூண் மிச்சம் இருந்ததாம். ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்குப் பிறகு! நம் வீட்டு மரக்கதவை நினைத்துக்கொண்டேன்.

கல்லுக்கு மாறியபோது மிக உறுதியாக நின்ற முறை டோரிக். கொரிந்து நகரில் அப்பொல்லோ கோயிலின் 7 தூண்கள் இன்றும் நிற்கின்றன. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, ஒவ்வொன்றும் ஒரே கல். உயரம் அடித்தடிமனைப் போல் நான்கு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பயில்வான் நிற்பது போல இருக்கும். நூறாண்டு கழித்து வந்த பார்த்தினனில் அதே டோரிக் தூண் ஐந்தரை மடங்காக நீண்டு மெலிந்துவிட்டது.

ரோமானியக் கட்டடக்காரரான விட்ருவியஸ், கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் அகஸ்டஸுக்குச் சமர்ப்பித்து 10 பாகங்களில் ஒரு நூல் எழுதினார். பழைய காலத்திலிருந்து நம் கைக்கு முழுதாக வந்து சேர்ந்த கட்டடக்கலை நூல் அது ஒன்றுதான். டோரிக் தூண் ஆணின் உடலைப் பார்த்துச் செய்தது, மனிதனின் உயரம் அவன் பாதத்தைப் போல் ஆறு மடங்கு, அதனால் தூணும் ஆறு மடங்கு என்கிறார் அவர். அயோனிக் பெண்ணைப் பார்த்துச் செய்ததாம், எட்டு மடங்கு. சுருள் அவள் கூந்தல், தூணில் ஓடும் பள்ளங்கள் அவள் ஆடையின் மடிப்பு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கொரிந்து தூணுக்கு எந்த ஆண் அளவு கொடுத்திருப்பான் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

மூன்று விதி, ஒரு மூலை

இனி சங்கடத்துக்கு வருவோம். டோரிக் தூண்களின் மேல் உத்தரம் கிடக்கும். அதற்கு மேலே ஒரு பட்டை ஓடும். இந்தப் பட்டையில்தான் விவகாரம். அதில் இரண்டு விதமான கற்கள் மாறி மாறி வரும். ஒன்று மூன்று செங்குத்துக் கோடுகளாகப் பிளந்தது போன்ற கட்டை. அதற்கு ட்ரைகிளிஃப் என்று பெயர். மற்றது சிற்பம் செதுக்குவதற்கு வாகான சதுரப் பலகை, மெட்டோபி. ட்ரைகிளிஃப் என்பது பழைய மரக்கூரையில் நீட்டிக்கொண்டிருந்த விட்டங்களின் முனை என்று விட்ருவியஸ் விளக்குகிறார். ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு சின்ன முளைகள் தொங்கும், மரத்தில் அடித்த ஆப்பு மாதிரி. ஆய்வாளர்கள் எல்லாரும் இந்த விளக்கத்தை ஒத்துக்கொள்வதில்லை. தச்சுப் பட்டறை வைத்திருந்தவரின் மகனான எனக்கு அதில் மரம்தான் தெரிகிறது. கல்லுக்கு எதற்கையா ஆப்பு?

இந்தக் கட்டைகளை வைக்க மூன்று விதிகள். ஒவ்வொரு தூணின் மையத்துக்கும் நேர் மேலே ஒரு ட்ரைகிளிஃப் வரவேண்டும். இரு தூண்களுக்கு நடுவே இன்னொன்று வரவேண்டும். பட்டை மூலையில் முடியும்போது ட்ரைகிளிஃபில்தான் முடியவேண்டும்.

ஒரு தாளில் வரைந்து பாருங்கள். மூன்றையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது. உத்தரத்தின் தடிமன் ட்ரைகிளிஃபின் அகலத்தைவிட அதிகம். மூலைத் தூணின் மையத்துக்கு நேராக அதை வைத்தால், அதற்கும் விளிம்புக்கும் இடையே ஒரு துண்டு இடம் மொட்டையாக நிற்கும். விளிம்பில் கொண்டுபோய் வைத்தாலோ தூணின் மையத்தைவிட்டு விலகிவிடும், பக்கத்து மெட்டோபி மட்டும் அகலமாகிவிடும். எந்தக் கெட்டிக்காரனாலும் தப்ப முடியாத கணக்கு இது.

கிரேக்கர்கள் என்ன செய்தார்கள்? தூணையே நகர்த்திவிட்டார்கள். மூலைத் தூணை உள்பக்கமாக இழுத்து, கடைசி இடைவெளியைச் சுருக்கினார்கள். பார்த்தினனில் தூணின் மையத்துக்கும் அடுத்த தூணின் மையத்துக்கும் வழக்கமான தூரம் ஏறக்குறைய 4.3 மீட்டர். மூலையில் அது 3.7 மீட்டர்தான். 60 சென்டிமீட்டர் குறைகிறது! நூற்றுக்கணக்கான பேர் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. மூலை நெருக்கமாக இருப்பதால் கட்டடம் கெட்டியாக நிற்பது போலத் தோன்றுகிறது, அவ்வளவே. குறையை மறைக்கச் செய்த வேலை, அழகாக முடிந்துவிட்டது.

அது மட்டும் இல்லை. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சுமார் 4 சென்டிமீட்டர் பருமனானவை. மூலைத் தூணுக்குப் பின்னால் சுவர் கிடையாது, வானம்தான். வெளிச்சம் அதைச் சுற்றி விழுந்து தூணை மெலிதாகக் காட்டும், ஆகவே ஐம்பதில் ஒரு பங்கு கூட்டிச் செய் என்று விட்ருவியஸும் எழுதி வைத்திருக்கிறார்.

கி.மு. 447ல் தொடங்கி 432ல் சிற்பங்களோடு நிறைவடைந்த கோயில் அது. கட்டடக் கலைஞர்கள் இக்டினஸ், கலிக்ராட்டிஸ். சுற்றிலும் 46 தூண்கள், ஒவ்வொன்றும் 10.4 மீட்டர் உயரம், 20 பள்ளங்கள். உள்ளே போக விடமாட்டார்கள், சுற்றித்தான் வரவேண்டும். நான் ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்து படியின் விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, இவ்வளவு காசு செலவழிச்சு வந்து படிக்கட்டையா பாக்குறீங்க?”

“குனிஞ்சு பாரு. கோடு வளையுது.”

மனைவி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “ஆமா! நம்ம வீட்டுப் புத்தக அலமாரித் தட்டு கீழ தொங்குது. இது மேல எழும்புதே!”

அதேதான். தளத்தின் நடுப்பகுதி குறுகிய பக்கத்தில் 6 சென்டிமீட்டரும் நீண்ட பக்கத்தில் 11 சென்டிமீட்டரும் மேலெழும்பி இருக்கிறது. தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு தூணும் நடுவில் லேசாகப் புடைத்து மேலே மெலிகிறது. சாய்ந்து நிற்கும் தூணை வளைந்த தளத்தில் உட்காரவைக்க வேண்டுமானால், அடிக்கல்லை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகச் சீவ வேண்டும். ஆக, பார்த்தினனில் ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் இடத்தில் பொருத்த முடியாது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி வீடு கட்டும் ஊரிலிருந்து போனவனுக்கு இதைக் கிரகித்துக்கொள்ளவே ஒரு நாள் பிடித்தது.

இதன் விலையைப் பிற்காலத்தவர்கள் கொடுத்தார்கள். 1687ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே துருக்கியர்கள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்துக் கோயிலின் நடுப்பகுதி சிதறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் விழுந்த தூண்களை நிறுத்தினார். பழைய கிரேக்கர்கள் கற்களை இணைக்கும் இரும்புக் கவ்விகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள், துரு பிடிக்காமல் இருக்க. பலானோஸ் காலத்தில் போட்ட இரும்புக்கு ஈயம் இல்லை. இரும்பு துருப்பிடித்து ஊதி, பளிங்கைப் பிளந்தது. 1980களிலிருந்து அவற்றையெல்லாம் கழற்றி, டைட்டானியம் கவ்விகளைப் போட்டு, ஒவ்வொரு கல்லையும் அதற்குரிய பழைய இடத்தில் வைத்து வருகிறார்கள். நாங்கள் போனபோதும் ஒரு பக்கம் சாரம் கட்டியிருந்தது.

முறுக்கும் கீரையும்

அயோனிக் முறை ஏஜியன் கடலின் கிழக்குக் கரையில், இன்றைய துருக்கியின் மேற்கு ஓரத்தில் வளர்ந்தது. ஏழு அதிசயங்களில் ஒன்றான எபேசஸ் ஆர்ட்டிமிஸ் கோயில் அயோனிக்தான். அது இருந்த இடத்தில் இன்று துண்டுகளைச் சேர்த்து எழுப்பிய ஒற்றைத் தூண் நிற்கிறது.

டோரிக் தூணுக்குப் பாதம் கிடையாது, தளத்திலிருந்து நேராகக் கிளம்பும். அயோனிக்குக் கீழே வளையம் வளையமாகப் பீடம் உண்டு. பள்ளங்கள் 24, ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய தட்டைக் கோடு. தலையில் இரண்டு பக்கமும் சுருள். ஆட்டுக்கொம்பு என்பார்கள், சுருட்டிய ஓலை என்பார்கள். என் மனைவி தேன்குழல் முறுக்கு என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறெதுவும் தோன்ற மறுக்கிறது.

இங்கே அந்த மூன்று விதித் தொல்லை இல்லை, ஏனென்றால் ட்ரைகிளிஃபே இல்லை. ஆசியக் கரையில் ஹெர்மோஜெனிஸ் என்ற கட்டடக் கலைஞர், டியோஸ் நகரில் டயோனிசஸ் கோயிலுக்கு டோரிக் முறைப்படி பளிங்கெல்லாம் வெட்டித் தயாராக வைத்த பிறகு மனத்தை மாற்றிக்கொண்டு, அதே கல்லில் அயோனிக் கோயில் கட்டினார் என்று விட்ருவியஸ் சொல்கிறார். காரணம், டோரிக் பட்டையின் கணக்கு ஒத்துவரவில்லை என்பதுதான். வெட்டிய கல்லை மாற்றச் சொன்னபோது கல்தச்சர்கள் அவரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று விட்ருவியஸ் எழுதவில்லை.

ஆனால் அயோனிக் தூணுக்கும் மூலை உண்டே! முறுக்கை முன்னாலிருந்து பார்த்தால் சுருள் தெரியும், பக்கவாட்டில் பார்த்தால் சுருட்டிய பாய் மாதிரி வெறும் உருளைதான். நேர் வரிசையில் நிற்கும்வரை பரவாயில்லை. மூலைத் தூணுக்கு இரண்டு பக்கமும் முகப்புதான். ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் உருளை என்று நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்? அதனால் மூலைத் தூணின் தலையில் மட்டும், வெளிமுனையில் வரும் சுருளைப் பிடித்து 45 டிகிரி சாய்வாக வெளியே இழுத்தார்கள். இரு பக்கமிருந்து பார்த்தாலும் சுருளே தெரியும். அக்ரோபொலிஸ் வாசலில் வலப்புறம் உயரத்தில் நிற்கும் சிறிய நைக்கி கோயிலில் இதைப் பார்க்கலாம். கெட்டிக்கார வேலைதான். ஆனாலும் காதைத் திருகிவிட்டது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

இதற்கெல்லாம் முடிவு கட்டியது கொரிந்தியன். அதன் தலையில் அகாந்தஸ் என்ற முள்செடியின் இலைகள் இரண்டு வரிசையாக எழும்பும், நான்கு முனைகளிலும் சிறு சுருள்கள் வெளியே வளையும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே முகம். மூலையோ நடுவோ அதற்குக் கவலை இல்லை.

அது பிறந்த கதையையும் விட்ருவியஸ் சொல்லியிருக்கிறார். கொரிந்தில் ஓர் இளம்பெண் இறந்துபோனாள். அவள் ஆசையாக வைத்திருந்த கிண்ணங்களை அவளுடைய தாதி ஒரு கூடையில் போட்டுக் கல்லறை மேல் வைத்து, வெயில் மழைக்கு ஓர் ஓட்டால் மூடிவிட்டுப் போனாள். கூடைக்கு அடியில் அகாந்தஸ் வேர் இருந்தது. வசந்தம் வந்ததும் அது தழைத்துக் கூடையைச் சுற்றி ஏறி, ஓட்டின் மூலைகளில் முட்டி வெளியே சுருண்டது. அந்த வழியாக வந்த கலிமாக்கஸ் என்ற சிற்பி அதைப் பார்த்துத் தூணுக்குத் தலை செய்தார். நடந்ததோ இல்லையோ, தூண்தலையின் ஒவ்வோர் உறுப்பும் இந்தக் கதைக்குள் இருக்கிறது: கூடை, இலை, மேலே சதுர ஓடு, முனையில் சுருள். கதை தெரிந்தால் தலையை வரைந்துவிடலாம்.

நமக்குத் தெரிந்தவரை இதன் ஆகப் பழைய உதாரணம், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸேயில் கட்டிய அப்பொல்லோ கோயிலின் உள்ளே தனியாக நின்ற ஒரே தூண். வெளிப்புறத்துக்கு வந்தது கி.மு. 334ல், ஏதென்ஸில் லைசிகிராட்டிஸ் என்ற செல்வந்தர் தம் பாடகர் குழு பரிசு வென்றதைக் கொண்டாடி எழுப்பிய நினைவுச் சின்னத்தில். பிளாக்கா பகுதியில் உணவுக்கடைகளுக்கு நடுவே இன்றும் நிற்கிறது, உயரமான இனிப்புப் பெட்டி மாதிரி. அது வட்டமான கட்டடம். மூலையே கிடையாது!

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்து சில நிமிட நடையில் ஒலிம்பிய ஸீயஸ் கோயில். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் டோரிக் முறையில் தொடங்கிக் கைவிட்டார்கள். கி.மு. 174ல் சிரியாவின் மன்னர் நான்காம் அந்தியோகஸ் பணம் கொடுத்து, கொஸ்ஸுடியஸ் என்ற ரோமானியரைக் கொண்டு கொரிந்தியனில் தொடர்ந்தார். அவரும் இறக்க, வேலை மறுபடியும் நின்றது. முடித்து வைத்தவர் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன், கி.பி. 131 வாக்கில். 600 ஆண்டுக்கு மேல் இழுத்த வேலை. வீவக வீட்டுக்கு நான்கு ஆண்டு காத்திருந்ததற்கே நாங்கள் புலம்பியிருக்கிறோம்.

17 மீட்டர் உயரத்தில் 104 தூண்கள் இருந்தன. 15 நிற்கின்றன. 16ஆவது, 1852ல் புயலில் விழுந்தது. விழுந்தபடியே விட்டுவிட்டார்கள். அடுக்கி வைத்த காசு சரிந்தது போல, தூணின் வட்டத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. ஒரு தூண் எப்படி அடுக்கப்பட்டது என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை. நான் அங்கே முக்கால் மணி நேரம் இருந்தேன். மனைவி நிழலில் உட்கார்ந்து வீட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருந்தார்.

உடுப்பாக மாறிய தூண்

ரோமில் தூணின் வேலையே வேறு. கி.பி. 80ல் திறந்த கொலோசியத்தைச் சுற்றி, தரைமட்டத்தில் 80 வளைவுகள். பாரத்தைத் தாங்குவது இந்த வளைவுகளும் அவற்றின் தடித்த கால்களும்தான். அவற்றின் முகத்தில் பாதித் தூண்கள் ஒட்டியிருக்கின்றன. கீழே டோரிக்கின் எளிய உறவான டஸ்கன், அதற்கு மேல் அயோனிக், மூன்றாவதில் கொரிந்தியன். பாரமானது கீழே, மெலிந்தது மேலே. அந்தத் தூண்களைச் சீவி எடுத்தாலும் கட்டடம் நிற்கும். கிரேக்கனுக்கு எலும்பாக இருந்தது ரோமானியனுக்கு உடுப்பாகிவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வளைவைக் கையாளத் தெரிந்தவனுக்குத் தூணின் தயவு எதற்கு?

எலும்பாகவும் நிறுத்தத் தெரிந்தவர்கள்தான். பாந்தியன் கோயிலின் முன்வாசலில் 16 தூண்கள், ஒவ்வொன்றும் ஒரே கருங்கல், ஏறக்குறைய 12 மீட்டர் உயரம், 60 டன் எடை. எகிப்தில் வெட்டி, நைல் நதி வழியாகவும் கடல் வழியாகவும் ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். தலைகள் மட்டும் வெள்ளைப் பளிங்கு, கொரிந்தியன். ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன். என் கை பாதிச் சுற்றளவுக்குக்கூட எட்டவில்லை.

கிரேக்கர்களின் கண்ணளவு புத்தக அளவாக மாறியது அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து. இத்தாலியர்கள் விட்ருவியஸைத் தூசி தட்டி எடுத்து, ரோமானிய இடிபாடுகளை அளந்து, டஸ்கனையும் அயோனிக்கும் கொரிந்தியனும் கலந்த காம்போசிட்டையும் சேர்த்து ஐந்து முறைகள் என்று வகுத்தார்கள். 1562ல் விக்னோலா வெளியிட்ட நூலில் படமும் அளவும்தான் பிரதானம். அதை வைத்துக்கொண்டு கிரேக்கத்தைக் கண்ணால் பார்க்காத எவரும் எந்த ஊரிலும் தூண் நிறுத்தலாம். நிறுத்தினார்கள். அரண்மனை, வங்கி, நீதிமன்றம், அஞ்சலகம் என்று அதிகாரம் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தூண் வந்தது. ஆங்கிலேயர்களோடு கப்பலேறி நம் கரைக்கும் வந்தது.

இஸ்தானாவின் தீபாவளி, தேசிய தினப் பொது உபசரிப்புக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வெள்ளை முகப்பு தெரியும். டோரிக், அயோனிக், கொரிந்தியன் மூன்றும் அங்கே இருக்கின்றன. ஆளுநர் மாளிகையாக 1867 முதல் 1869 வரை அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். வடிவமைத்த மெக்நேர், பொறியாளராகவும் அந்தக் கைதிகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தவர். கைதிகள் செய்த இன்னொரு வேலை, செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். அது கோதிக் பாணி, நம் மூன்று முறைகளில் சேராது. ஆனாலும் அதன் உட்புறப் பூச்சைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெட்ராஸ் சுண்ணாம்பு என்று பெயர். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கருவையும் வெல்லத்தையும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பது. பூசிக் காய்ந்த பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல மினுக்குவது. பென்டெலிக் மலையில் பளிங்கு வெட்ட வசதி இல்லாத ஊரில், வெல்லமும் முட்டையும் போட்டுப் பளிங்கைக் காய்ச்சியிருக்கிறார்கள்.

பூசிய கைகளை நினைத்தால், அக்ரோபொலிஸில் செதுக்கிய கைகள் நினைவுக்கு வருகின்றன. பார்த்தினனுக்கு வடக்கே எரெக்தியன் என்ற அயோனிக் கோயில் இருக்கிறது. கி.மு. 421 முதல் 406 வரை கட்டியது. ஆறு பெண் சிலைகள் கூரையைத் தாங்கும் மண்டபத்துக்காக எல்லாரும் அதைப் படம் எடுப்பார்கள். நான் தேடிப் போனது கிழக்கு முகப்பின் ஆறு தூண்களை. அந்தக் கோயிலைக் கட்டிய செலவுக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அதன் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. யார் யார், என்ன வேலை, எவ்வளவு கூலி என்று பெயரோடு இருக்கிறது. இன்ன நிலையில் உள்ளவர் என்று அடையாளம் தெரிந்தவர்கள் 86 பேர். அதில் 24 பேர் ஏதென்ஸ் குடிமக்கள், 42 பேர் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள், 20 பேர் அடிமைகள். நாள் கூலி பெரும்பாலும் ஒரு டிராக்மா. கட்டடக் கலைஞருக்கும் நாளுக்கு ஒரு டிராக்மா கணக்குத்தான்!

கிழக்குத் தூண்களில் பள்ளம் வெட்டியவர்களின் பட்டியலில் சிமியாஸ் என்ற கல்தச்சர் வருகிறார். அவரோடு ஒரே தூணில் அவருடைய அடிமைகளும் வேலை செய்திருக்கிறார்கள். சிந்த்ரோன், சன்னியோன் என்று அவர்கள் பெயரும் பதிவாகியிருக்கிறது. எசமானும் அடிமையும் ஆளுக்கொரு பக்கம் நின்று வெட்டிய பள்ளங்கள். அடிமையின் கூலி யார் பைக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளத்தைப் பார்த்து இது யார் வெட்டியது என்று சொல்ல முடியாது. தட்டைக் கோட்டின் விளிம்பு எல்லாவற்றிலும் ஒரே நேர்த்தியாக இருக்கிறது.

வெளியே இழுத்த சுருளைப் பார்க்க வழக்கம்போல மூலைக்குப் போனேன். அந்த முகப்பின் வடக்கு மூலைத் தூண் அசல் அல்ல, நகல். அசலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தனியாக நிற்கிறது.

“அப்ப அதைப் பாக்க லண்டன் போகணுமா?” என்றார் மனைவி.

அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.